சொல் தெரியும், காதில் விழவில்லை

போன இதழில் ஆங்கிலம் பேசுவது பற்றி எழுதியிருந்தேன். ‘பேசுவது இருக்கட்டும், எதிரில் இருப்பவர் சொல்வது புரிந்தால்தானே பதில் பேச முடியும்?’ என்று கேட்டுப் பலர் எழுதிவிட்டார்கள். நியாயம்தான். அதனால் இந்த முறை முழுக்கக் காது சம்பந்தப்பட்ட கேள்விகள். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் மொழியியல் படித்தவள் இல்லை. ராஜபாளையத்தில் தமிழ் வழியில் படித்து, சென்னையில் ஒரு கால் சென்டரில் ஆறு வருடம் இரவு ஷிப்டில் அமெரிக்கர்களின் போனை எடுத்து, அப்புறம் அங்கேயே புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள். காதில் அடிபட்டுக் கற்றதைத்தான் சொல்கிறேன்.

*

கேள்வி: ஆங்கிலச் செய்தித்தாளை அகராதி இல்லாமல் படிப்பேன். ஆனால் ஆங்கிலப் படத்தில் நாலு பேர் பேசினால் ஒரு வரிகூடப் பிடிபடுவதில்லை. சப்டைட்டிலைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த சொற்கள்! என்ன கோளாறு?
– கல்லூரி மாணவர், தென்காசி

கோளாறு ஒன்றும் இல்லை தம்பி. ஆங்கிலத்தை இதுவரை கண்ணால் படித்திருக்கிறீர்கள். காதுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தை வைத்து இரண்டு வருடம் தமிழ் படித்துவிட்டு உங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார் என்று வையுங்கள். ‘போய்விட்டு வந்துவிடுகிறேன்’ என்று அவருக்கு எழுதவே தெரியும். பக்கத்தில் நிற்பவர் ‘போய்ட்டு வந்துர்றேன்’ என்கிறார். ‘என்ன செய்துகொண்டிருக்கிறாய்’ அவருக்கு மனப்பாடம். காதில் விழுவது ‘என்ன பண்ணிட்ருக்க’. எல்லாம் தெரிந்த சொற்கள்தான், ஆனாலும் முழித்துக்கொண்டு நிற்பார். ஆங்கிலப் படத்துக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருப்பதும் அதே கோலத்தில்தான்.

‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்று பாடப்புத்தகத்தில் ஆறு சொல் தனித்தனியாக நிற்கும். வாயிலிருந்து வரும்போது அது ‘வாட்டய கன டூ’. ஆங்கிலத்தில் பொருள் தாங்குகிற சொல்லுக்கு மட்டும்தான் மரியாதை. டு, ஃபார், ஆஃப், ஆர், ஹேவ், ஹிம் போன்ற எடுபிடிச் சொற்களை விழுங்கிவிடுவார்கள். விழுங்கும்போது அதிலுள்ள உயிரெழுத்து எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே மங்கலான ‘அ’ ஆகிவிடும். நமக்கு இது புதிதா? ‘பாக்கு’, ‘காட்டு’ என்னும் சொற்களின் கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று படித்தோமே. நாம் உகரம் போன்ற சிலவற்றை மட்டும் குறுக்குகிறோம். அவர்கள் அகப்பட்டதையெல்லாம் குறுக்குகிறார்கள்.

புணர்ச்சியும் அப்படியே. ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்ற நன்னூல் வரியை இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படித்திருப்பீர்கள். பால், ஆறு சேர்ந்து பாலாறு. அதே கணக்கில் ‘டர்ன் இட் ஆஃப்’ சேர்ந்து ‘டர்னிடாஃப்’. அமெரிக்கர் வாயில் நடுவிலுள்ள ‘ட்’ இன்னும் மெலிந்து கிட்டத்தட்ட ‘டர்னிராஃப்’ என்றே விழும். நீங்கள் மூன்று சொல்லுக்காகக் காத்திருப்பீர்கள், வந்து போனது ஒன்று. அதற்குள் அடுத்த வரி ஓடிவிட்டது.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2002, வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். கணினி பழுதுக்கான உதவி எண். ஒரு டெக்சாஸ் அம்மாவிடம், வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னது ‘ஐ கேன் டூ ஃப்ரைடே’ என்று என் காதில் தெளிவாக விழுந்தது. ‘ஓகே மேம், தேங்க்யூ’ என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மெக்கானிக் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நின்றார். அந்த அம்மா சொன்னது ‘கேன்ட்’. தரக் கண்காணிப்பில் இருந்த ஒரு அக்கா பதிவை நான்கு முறை போட்டுக் காட்டினார். நான்கு முறையும் எனக்கு ‘கேன்’ என்றுதான் கேட்டது.

அக்கா சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. ‘கடைசி ட்-டைத் தேடாத. அது அவங்க வாயை விட்டு வெளியவே வராது. முடியும்னா அந்தச் சொல்லை விழுங்கிருவாங்க, வெறும் க்ன்னுதான் கேட்கும். முடியாதுன்னாத்தான் கேஏன்னு அழுத்துவாங்க.’ அதாவது, ‘கேன்’ உங்கள் காதில் பளிச்சென்று விழுந்தால் அது பெரும்பாலும் ‘முடியாது’! பள்ளிக்கூடத்தில் கற்றதற்கு நேர்மாறு. இங்கிலாந்தின் தென்பகுதிக்காரர்களிடம் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் ‘கான்ட்’ என்று நீட்டிவிடுவார்கள்.

*

கேள்வி: என் கேட்கும் திறன் எந்த நிலையில் இருக்கிறது என்று வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?
– வங்கி ஊழியர், திருச்சி

உண்டு. ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு சிவப்புப் பேனா போதும்.

ஒலிப்பதிவும் அதில் பேசியதன் எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சோதனையே இல்லை. பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷில் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ என்று ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இரண்டு பேர் ஆறு நிமிடம் பேசுவார்கள், எழுத்து வடிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கற்பவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிற நிகழ்ச்சிதான், தொடங்க அது போதும்.

முழுவதையும் ஒருமுறை நிறுத்தாமல் கேளுங்கள். என்ன விஷயம் என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். அப்புறம் நடுவில் ஒரே ஒரு நிமிடத்தை எடுத்து, நிறுத்தி நிறுத்தி, சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். ஒரு துண்டை மூன்று முறைக்கு மேல் கேட்கக்கூடாது. பிடிபடாத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். வங்கிக்காரர், வரவு செலவு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது, தெரியும். இங்கே டேலி ஆகாமல் இருக்கட்டும்.

இனி எழுத்து வடிவத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். ஒரு நிமிடப் பேச்சில் ஏறக்குறைய 150 சொல் இருக்கும். எத்தனை விட்டீர்கள் என்ற எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். விட்ட ஒவ்வொரு சொல்லும் எந்த வகை என்று பாருங்கள். அர்த்தமே தெரியாத சொல்லா? பார்த்தால் தெரிகிறது, கேட்டபோது தெரியவில்லை என்ற வகையா? இல்லை, டு, ஆஃப், ஹேவ் மாதிரி எடுபிடிச் சொல்லா? இந்தப் பிரிப்புதான் சோதனையின் உயிர்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த தருமபுரிப் பையன் ஒருவன் முதல் சோதனையில் நாற்பது சொல் விட்டிருந்தான். ‘எனக்கு வொக்காபுலரி பத்தாது மேடம்’ என்று அழாத குறை. எண்ணிப் பார்த்தால் அர்த்தம் தெரியாத சொல் அதில் மூன்றே மூன்று! மீதியெல்லாம் ஆறாம் வகுப்புச் சொற்கள். ஒரு இடத்தில் ‘ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்’ என்பது ‘ஐ ஷுட டோல்டிம்’ என்று ஓடியிருந்தது. அவன் எழுதி வைத்திருந்தது ‘டோல்டிம்’. கேட்டால், ‘அது யாரோ ஆள் பேர்னு நினைச்சேன்’ என்றான். இவனை அகராதியை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் வீணாகியிருக்கும்.

தெரியாத சொல்தான் அதிகம் என்றால் நிறையப் படியுங்கள். மற்ற இரண்டு வகை என்றால், அதே ஒரு நிமிடத்தை மூன்று நாள் திரும்பத் திரும்பக் கேட்டு, பேசுபவரோடு சேர்ந்து அதே வேகத்தில் நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ‘ஷுட டோல்டிம்’ என்று உங்கள் வாய் பத்து முறை சொல்லிவிட்டால், பதினோராவது முறை காது அதை ஆள் பெயர் என்று நினைக்காது. தினம் பத்து நிமிடம் போதும். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருபவர்கள் மூன்றாவது ஞாயிறு காணாமல் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை புது நிமிடம் ஒன்றை எடுத்து, விட்ட எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வாருங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கிற ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸின் மாதிரித் தாளை எழுதிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம். கேட்டல் பகுதியில் நான்கு பிரிவு, 40 கேள்வி, ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். 40-க்கு 30 சரியென்றால் ஏறக்குறைய 7 பேண்ட் (அந்தத் தேர்வின் மதிப்பெண் படி). ஆனால் அந்த எண் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று காட்டுமே தவிர, எந்த இடத்தில் வழுக்குகிறது என்று காட்டாது. அதற்குச் சிவப்புப் பேனாதான்.

*

கேள்வி: பிரிட்டன் வேலைக்காக ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதுகிறேன். கேட்டல் பகுதியில் இரண்டு முறையும் 320-ஐத் தாண்டவில்லை. 350 வேண்டும். பதினோரு வருடம் செவிலியராக இருக்கிறேன், மருத்துவச் சொல் ஒன்றும் எனக்குப் புதிதில்லை.
– செவிலியர், நாகர்கோவில்

மருத்துவச் சொல் தெரிவதுதான் உங்களை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். மொத்தம் 42 கேள்வி. அதில் 24 முதல் பிரிவிலேயே இருக்கிறது. இரண்டு நோயாளிகள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ பேசுவார்கள், நீங்கள் குறிப்புகளில் விட்டுப்போன இடங்களை நிரப்ப வேண்டும். பேசுவது நோயாளி! நோயாளி எங்கேயாவது பாடப்புத்தகம் மாதிரி பேசுவாரா?

உங்கள் வார்டுக்கு வருபவர் ‘எனக்குக் கடுமையான வலி’ என்றா சொல்கிறார்? ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்பார். ‘சுருக் சுருக்குன்னு குத்துது’, ‘கடுக்குது’, ‘மரத்துப் போச்சு’, ‘எறும்பு ஊருற மாதிரி இருக்கு’ என்பார். ஆங்கில நோயாளியும் அப்படியே. விண் விண்ணென்றால் ‘த்ராபிங்’. குத்தினால் ‘ஸ்டாபிங்’. மந்தமாக விடாமல் வலித்தால் ‘டல் ஏக்’. மரத்துப் போனால் ‘நம்’, கடைசியில் உள்ள ‘ப்’ வாயில் வராது. ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’, அது பேச்சில் ‘பின்ஸ்ன்னீடில்ஸ்’ என்று ஒட்டிப்போகும். குறிப்பின் தலைப்பு மருத்துவ நடையில் இருந்தாலும் விடுபட்ட இடத்துக்கு வருவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சொல்தான். ஒரு நோட்டில் தமிழில் வலிகளின் பட்டியல் போட்டு, எதிரே ஆங்கிலத்தை எழுதி, இவற்றை நோயாளிகள் பேசும் ஒலிப்பதிவாகத் தேடிக் கேளுங்கள்.

பிரிட்டனுக்குப் போகிறவர் என்பதால் இன்னும் இரண்டு. ‘ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்’ என்று அங்கே ஒருவர் சொன்னால் உடம்பு சரியில்லை என்று மட்டும் குறித்துவிடாதீர்கள். பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்று அர்த்தம். உடம்பு சரியில்லை என்பதற்கு ‘பூர்லி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பலர் வாயில் அது ‘போலி’ என்றே கேட்கும். நோயாளி தன்னைப் போலி என்கிறாரே என்று திகைக்க வேண்டாம். தேர்வில் ஆஸ்திரேலியக் குரலும் வரும். அவர்களிடம் ‘டுடே’ என்பது ‘டுடை’ பக்கம் சாயும். ஏகாரம் வரவேண்டிய இடமெல்லாம் ஐகாரம் என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

தேர்வில் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு இடம் விட்டுப்போனால் அதையே யோசித்துக்கொண்டிருந்து அடுத்த இரண்டையும் விடுவது. போனது போகட்டும். ஒலிப்பதிவு தொடங்குமுன் கிடைக்கிற அரை நிமிடத்தில் தலைப்புகளை மட்டும் படித்து வைத்துக்கொண்டால் பேச்சு இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியும், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். மற்ற இரண்டு பிரிவுகளும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை. உங்கள் அனுபவமே அங்கே கைகொடுக்கும்.

*

கேள்வி: வீட்டு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்). ஜெர்மனி, இங்கிலாந்து பையர்கள் (சரக்கு வாங்குபவர்கள்) போனில் பேசுவார்கள். பேச்சு ஓரளவு புரிகிறது. எண்கள்தான் காலை வாருகின்றன. 13,000 டவலா, 30,000 டவலா என்று தெரியாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.
– கரூர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் ஒருமுறை 15 டாலரை 50 டாலராகத் திருப்பிக் கொடுத்தவள்.

‘தர்ட்டீன்’ என்றால் பின்பக்கம் அழுத்தம், ‘தர்ட்டி’ என்றால் முன்பக்கம் என்று பயிற்சிப் புத்தகங்கள் சொல்லும். தனியாகச் சொன்னால் சரி. ஆனால் பின்னால் ‘தௌசண்ட்’ மாதிரி அழுத்தமான சொல் வந்தால் ‘தர்ட்டீன்’-இன் அழுத்தமும் முன்பக்கம் ஓடிவந்துவிடும். மிச்சமிருப்பது கடைசி ‘ன்’ ஒன்றுதான். போன் இரைச்சலில் அதுவும் அடிபடும். ஆகவே அழுத்தத்தை நம்பாதீர்கள். எண்ணை உடைத்துத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘தர்ட்டீன், ஒன் த்ரீ?’ எதிர்முனை ‘எஸ்’ சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். மருந்து அளவைப் போனில் வாங்கும் செவிலியர்களும் இப்படித்தான் செய்ய வேண்டும். நாகர்கோவில் சகோதரியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

போன்மீதும் கொஞ்சம் பழி போடலாம். பழைய தொலைபேசி வலையமைப்பு 300-இலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் (ஒலி எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பதன் அளவு) வரையுள்ள ஒலியை மட்டும்தான் கடத்தும். ‘ஸ்’ என்ற சீறலின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் போனில் ‘எஸ்’ எது, ‘எஃப்’ எது என்று தெரிவதில்லை. உங்கள் காதின் குற்றம் இல்லை அது. எழுத்துக் கூட்டும்போது விமானிகள் சொல்கிற ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையைப் பயன்படுத்துங்கள். எங்கள் கால் சென்டரில் புதிதாக வந்த பெண் ஒருத்தி ‘எம் ஃபார் மதுரை’ என்று ஒரு அமெரிக்கரிடம் சொல்ல, அவர் மதுரைக்கே எழுத்துக் கூட்டச் சொன்னார்.

ஜெர்மானியரோடு பேசும்போது வேறு ஒரு பள்ளம் உண்டு. அவர்கள் மொழியில் ஏ (A) என்ற எழுத்தின் பெயர் ‘ஆ’, ஈ (E) என்ற எழுத்தின் பெயர் ‘ஏ’, ஐ (I) என்ற எழுத்தின் பெயர் ‘ஈ’. அவசரத்தில் எழுத்துக் கூட்டும்போது தாய்மொழி வந்து குதித்துவிடும். நேரமும் அப்படித்தான். இங்கிலாந்துக்காரர் ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை. அதே அமைப்பில் ஜெர்மன் மொழியில் சொன்னால் ஆறரை! ஜெர்மானியர் ஆங்கிலத்தில் ‘ஹாஃப் செவன்’ என்று சொல்லிவிட்டால் எந்த மொழியின் கணக்கு என்று கேட்டே ஆக வேண்டும். ‘வீக் 42’-இல் சரக்கு அனுப்பு என்பார்கள், அது அக்டோபர் நடுவில் வரும். வார எண் போட்ட காலண்டர் ஒன்று மேசையில் இருக்கட்டும். ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஆங்கிலம் பேசும்போது ‘வி’, ‘டபிள்யூ’ ஒலிகளைப் பிரித்துச் சொல்வது அவர்களில் பலருக்குக் கஷ்டம், பிரித்துக் கேட்பது நமக்குக் கஷ்டம். அதில் சண்டை வராது.

சோதனை வேண்டுமென்றால், உடன் வேலை செய்பவரை ஒரு தாளில் 20 எண் எழுதிக்கொண்டு குடோனுக்குப் போகச் சொல்லுங்கள். தறிச் சத்தமோ லாரிச் சத்தமோ கேட்கிற இடமாக நின்று போனில் வாசிக்கட்டும். நீங்கள் எழுதுங்கள். ஒருமுறைதான். 20-க்கு 20 வரும்வரை வாரம் ஒருநாள்.

*

கேள்வி: சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் கேட்கும் திறன் வளருமா? வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா?
– ஈரோடு

தமிழ் சப்டைட்டில் போட்டால் தமிழ் வாசிக்கும் வேகம் வளரும். ஆங்கில சப்டைட்டில் பரவாயில்லை, ஆனால் முதல் முறையே போடக்கூடாது. ஐந்து நிமிடக் காட்சியை வெறும் காதால் ஒருமுறை, எழுத்தோடு ஒருமுறை, மறுபடி எழுத்தில்லாமல் ஒருமுறை. வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் குரல் குடிகாரன் பேச்சு மாதிரி இழுபடும். ஒன்றை மறக்காதீர்கள்: விழுங்கிய சொல்லை மெதுவாக ஓட்டினாலும் அது விழுங்கிய சொல்தான். எங்கே விழுங்கினார்கள் என்று கண்டுபிடிக்க மட்டும் 0.75. கண்டுபிடித்ததும் பழைய வேகத்துக்கே வந்துவிடுங்கள்.

*

கேள்வி: ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர் தங்கும் விடுதியில் வரவேற்பாளர் வேலை. இத்தாலி, ரஷ்யா, பிரான்ஸ் என்று ஆளுக்கொரு ஆங்கிலம். திரும்பத் திரும்பக் கேட்டால் மதிக்க மாட்டார்களோ என்று ‘ஓகே, ஓகே’ என்று தலையாட்டிவிடுகிறேன்.
– திருவண்ணாமலை

இந்தத் தலையாட்டலை நானும் செய்து, பூட்டிய கதவின் முன்னால் ஒரு மெக்கானிக்கை நிறுத்தியவள்தான். மதிப்பு போவது மறுபடி கேட்கும்போது இல்லை. வெந்நீர் கேட்டவருக்குப் போர்வை கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான்.

கேட்கிற விதத்தை மாற்றுங்கள். வெறுமனே ‘சாரி?’ என்றால் அவர் முழு வாக்கியத்தையும் அதே வேகத்தில், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். காது கேட்காதவரிடம் பேசுவது மாதிரி. பிடிபட்டதை நீங்கள் சொல்லி, பிடிபடாததை மட்டும் கேளுங்கள். ‘யூ நீட் எ டாக்ஸி டு... வேர்?’ அவருக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் நிறுத்திச் சொல்லத் தோன்றும். நீங்கள் கவனித்தீர்கள் என்றும் தெரியும். முதல்முறை புரியவில்லை, இரண்டாம் முறையும் புரியவில்லை என்றால் மூன்றாம் முறை கேட்காதீர்கள். தாளையும் பேனாவையும் நீட்டுங்கள். அறை எண், தேதி, நேரம் மூன்றையும் எப்போதும் எழுதியே வாங்குங்கள், புரிந்தாலும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் பேசுவது உங்களுக்கு ஒரு விதத்தில் எளிது. பலரும் ஆங்கிலேயர் அளவுக்குச் சொற்களை விழுங்குவதில்லை. ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒன்றிரண்டு பழக்கம் இருக்கும். பிரெஞ்சுக்காரர் சொல்லின் தொடக்கத்திலுள்ள ‘ஹ’-வை அடிக்கடி விட்டுவிடுவார்: ‘ஹோட்டல்’ போய் ‘ஓட்டல்’. அது நம்மூர்ப் பலகையிலேயே இருக்கிறது!

*

கேள்வி: வயது 67. மகள் குடும்பம் அமெரிக்காவில். பேரன் ஆங்கிலத்தில்தான் பேசுகிறான். வீடியோ காலில் அவன் சொல்வது பாதி புரிவதில்லை. இந்த வயதில் காதைப் பழக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கோயம்புத்தூர்

பழக்கலாம் ஐயா, ஆனால் முதலில் சில கேள்விகள். கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தமிழில் பேசினால் புரிகிறதா? தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் சொல்கிறார்களா? ஆண் குரலைவிடக் குழந்தைக் குரல் கடினமாக இருக்கிறதா? இவற்றில் இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால், ஆங்கிலப் பயிற்சியைத் தள்ளி வைத்துவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். ஸ், ஃப், த் போன்ற சீறும் ஒலிகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. பன்மை, காலம் எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லின் வாலில் ஒட்டிய ஒற்றை மெய்யில் தொங்குகின்றன. அது கேட்காவிட்டால் அர்த்தம் நழுவும். தமிழில் ‘-கள்’, ‘-ஆன்’, ‘-ஆள்’ என்று உயிரொலியோடு வருவதால் காது கொஞ்சம் மந்தமானாலும் சமாளித்துவிடுகிறோம். அதனால் பலர் ‘தமிழ் கேட்கிறதே, காது நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நம்புகிறார்கள். காதொலிப் பரிசோதனையில் ஹெட்போன் மாட்டி ‘பீப்’ ஒலிகளைக் கேட்கச் செய்து, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்று வரைபடம் போட்டுத் தருவார்கள். வலி கிடையாது.

என் அப்பா நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நான் சென்னையிலிருந்து போன் செய்தால் ‘என்னம்மா, உன் தமிழே இப்ப இங்கிலீஷ் மாதிரி ஓடுது’ என்பார். வேலையால் என் பேச்சு மாறிவிட்டது என்று நானும் நம்பினேன். கடைசியில் வரைபடம் போட்டுப் பார்த்தபோது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் கிடந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு அங்கேதான் முதலில் விழும் என்றார் மருத்துவர். காதுக் கருவி மாட்டிய அன்று, சுவர்க் கடிகாரம் எப்போது வாங்கியது என்று அப்பா கேட்டார். அது இருபது வருடமாக அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்றால் திருச்சிக்காரருக்குச் சொன்ன வழிதான். கூடவே பேரனிடம் முகத்தைக் கேமராவுக்கு நேரே வைத்துப் பேசச் சொல்லுங்கள். உதட்டைப் பார்ப்பதும் கேட்பதில் சேர்த்திதான்.

*

கேள்வி: இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. நீங்கள் இப்போதும் தப்பாகக் கேட்பதுண்டா?
– சிவகாசி

போன மாதம்கூட. அயர்லாந்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வீடியோ காலில் பேசினார். அவர்களில் பலர் ‘த்’ ஒலியை ‘ட்’ பக்கமாகச் சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதைப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். ஆனாலும் அவர் ‘டர்ட்டி ட்ரீ’ என்றதும், அழுக்கு மரம் எதற்கு வந்தது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது வகுப்பில் உள்ளவர்களின் எண்ணிக்கை, முப்பத்து மூன்று. ராஜபாளையத்தில் எங்கள் தெரு டீக்கடை அண்ணன் ‘ட்ரீ டீ, ஒன் காபி’ என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார். அங்கே மரத்தைத் தேடிப் போனதில்லை நான்.